கோலா சிலாங்கூர் கரையில் சேற்றைத் தவிர என்ன இருக்கிறது?

ஜூன் 14, 2025 – கேள்வி

மலேசியாவில், ஷா ஆலாமில் இருக்கிறேன். கோயம்புத்தூரிலிருந்து பெரியம்மாவும் அவர் மகன் குடும்பமும் ஜூலைக் கடைசியில் வருகிறார்கள். மொத்தம் 7 பேர், அதில் 4 வயதுக் குழந்தை ஒன்று. இரட்டைக் கோபுரமும் பத்துமலையும் போதும், காடும் கடலும் சேர்ந்த இடமாக ஒன்று காட்டு என்கிறார்கள். கோலா சிலாங்கூர் போகலாம் என்றேன். அலுவலகத்தில் சிரித்துவிட்டார்கள். "அங்கே கடல் ஏது? சேறுதான். கிழக்குக் கரைக்குப் போ" என்கிறார்கள். பெஸ்தாரி ஜெயா பக்கத்து ஆட்கள் யாராவது உண்மையைச் சொல்லுங்கள்.

ஜூன் 14, இரவு

சேறுதான். உங்கள் அலுவலகத்தார் பொய் சொல்லவில்லை. குளிக்கிற கடல் வேண்டுமென்றால் திரங்கானுவுக்குப் போங்கள்.

நான் பெஸ்தாரி ஜெயாக்காரன். 2007 வரை ஊர்ப்பெயர் பத்தாங் பெர்ஜுந்தை. ஏன் மாற்றினார்கள் என்பது மலாய் தெரிந்தவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்கள் பெரியவர்களைக் கேட்க வேண்டாம். அப்பா செம்பனைக் (எண்ணெய்ப்பனை) குலை வெட்டியவர். நான் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, இப்போது பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். சனி ஞாயிறுகளில் ஊருக்கு வரும் சொந்தக்காரர்களை ஏற்றிக்கொண்டு கரைப்பக்கம் போவது 22 வருடப் பழக்கம்.

ஆறு, மலை, பாக்காவ் காடு (அலையாத்திக் காடு), கடலுக்கு நடுவே ஒரு மணல்திட்டு. இவ்வளவுதான் இருக்கிறது. நான்கும் அரைமணி நேர ஓட்டத்துக்குள். ஆனால் இடத்தைவிட நாள் முக்கியம். விடுமுறை எப்போது என்று பார்க்காதீர்கள். வீட்டில் மாட்டியிருக்கும் தமிழ் நாள்காட்டியில் அமாவாசை எப்போது என்று பாருங்கள். மீதியை நாளை எழுதுகிறேன், விடிகாலையில் ஐந்து மணிக்கு எழ வேண்டும்.

ஜூன் 15

இன்று ஞாயிறு என்பதை மறந்து ஐந்து மணி என்று எழுதிவிட்டேன். பழக்கதோஷம், ஐந்துக்கே விழித்தும் விட்டேன்.

அமாவாசை ஏன் என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். ஜெராம் பக்கத்தில் சாசாரான் என்று ஒரு மீன்பிடிக் கம்பம் (கிராமம்). அங்கிருந்து படகில் அரைமணிக்குமேல் போனால் கடல் நடுவில் ஒரு மணல்திட்டு. 'ஸ்கை மிரர்' என்று சுற்றுலாக்காரர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். அமாவாசை, பௌர்ணமி நாட்களை ஒட்டிக் கடல் மிக உயரமாக ஏறும், அதே அளவுக்குக் கீழே வற்றவும் செய்யும். அப்படி வற்றும்போதுதான் திட்டு வெளியே தெரியும். நம் கரையில் அந்த நாட்களில் வற்றுவது பெரும்பாலும் நடுப்பகலை ஒட்டி. மணலின் மேல் கணுக்காலுக்கும் கீழாக ஒரு படலம் தண்ணீர் தங்கும், காற்று இல்லாவிட்டால் வானம் அப்படியே அதில் விழுந்துவிடும். நிற்பவர் தலைகீழாகவும் ஒரு முறை நிற்பார். ஓரிரு மணி நேரத்தில் கடல் திரும்பி வந்து எல்லாவற்றையும் மூடிவிடும்.

அஷ்டமி நவமியில் போனால்? நான் போயிருக்கிறேன். மனைவியின் தங்கைகள் ஈப்போவிலிருந்து வந்திருந்தார்கள், சனிக்கிழமைதான் முடியும் என்றார்கள். படகு ஏற்பாடு செய்தவர் (பெயர் வேண்டாம்) "எல்லா நாளும் ஓகே அண்ணே" என்று பணத்தை வாங்கிக்கொண்டார். போய் இறங்கினோம். காலுக்குக் கீழே கண்ணாடி என்றார்கள், எங்களுக்கு இடுப்பு வரை கடல். பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு வந்திருந்த சின்னவள் இன்றைக்கும் அந்தக் கதையைத் தீபாவளிக்குத் தீபாவளி சொல்கிறாள். அஷ்டமியில் நல்ல காரியம் வேண்டாம் என்று அம்மா சொன்னதற்குக் கடல் ஒரு காரணம் வைத்திருக்கிறது.

ஜூன் 18

மின்மினியைப் பற்றி எழுதவே இல்லையே என்று கோபித்துக்கொண்ட தம்பிக்கு: அதற்குத்தான் வருகிறேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை. இடத்தின் பெயர் கம்போங் குவாந்தான். சிலாங்கூர் ஆற்றங்கரையில், கோலா சிலாங்கூர் பட்டணத்திலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. பகாங் மாநிலத்தில் இருக்கும் குவாந்தான் வேறு. என் மைத்துனர் ஒருமுறை கைப்பேசி காட்டிய வழியில் காராக் நெடுஞ்சாலையில் ஏறி, பெந்தோங் தாண்டிய பிறகு "மாமா, ஆறு எந்தப் பக்கம்?" என்று கூப்பிட்டுக் கேட்டார்.

இருட்டியதும் ஒரு சம்பானுக்கு நான்கு பேராக ஏற்றுவார்கள். மோட்டார் கிடையாது, ஆள்தான் துடுப்புப் போடுவார். உயிர்காப்புச் சட்டை கட்டாயம். கைப்பேசி விளக்கு கூடாது. கரையை விட்டு நகர்ந்த முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் தெரியாது, தண்ணீரைத் துடுப்புக் கிழிக்கும் ஓசை மட்டும். பிறகு ஒரு வளைவு. அங்கே ஒரு மரம் மூச்சு விடுவதுபோல் எரிந்து அணையும். ஆயிரக்கணக்கான பூச்சிகள், ஆனால் ஒரே தாளம். ஆண் பூச்சிகள் பெண்ணை அழைப்பதற்காக ஒன்றோடொன்று தாளம் சேர்த்துக்கொள்கின்றன. நம் ஊர்த் தோட்டத்தில் தனியாகப் பறக்கும் மின்மினியைப் பார்த்துவிட்டு "இதுதானே" என்று சொல்பவர்களை இங்கே கொண்டுவந்து உட்கார வைக்க வேண்டும். உறுமி மேளம் தொடங்கும்போது முதலில் ஆளுக்கொரு அடி விழும், கொஞ்ச நேரத்தில் எல்லாக் கையும் ஒன்றாகிவிடுமே, அதைக் கண்ணால் பார்ப்பதுபோல் இருக்கும்.

நிலவு இருந்தால் பாதி கெட்டுவிடும். மழை கொட்டினால் முழுவதும் கெட்டுவிடும். ஆக மீண்டும் அமாவாசை. ஆற்றோரத்து அப்பி-அப்பி மரங்களில்தான் உட்காரும்.

ஜூன் 19

மேலே கடைசி வரி தவறு. கோலா சிலாங்கூரில் வேலை பார்த்த ஆசிரியை ஒருவர் திருத்தியிருக்கிறார், அவருக்கு நன்றி. மின்மினி உட்காருவது பெரெம்பாங் மரத்தில். அப்பி-அப்பி என்பது கடல் முகப்பில், உப்புத் தண்ணீரில் நிற்கும் மரம், நம் தமிழில் வெண்கண்டல். பெரெம்பாங் ஆற்றுக்குள் தள்ளி, உப்பும் நல்ல தண்ணீரும் கலக்கும் இடத்தில் வளரும். மலாயில் 'அப்பி' என்றால் நெருப்பு என்பதால் பெயரைப் பிடித்துக்கொண்டு நான் மரத்தை விட்டுவிட்டேன். 22 வருடம் சுற்றிக்காட்டியவனின் லட்சணம் இது.

ஜூன் 22

இன்று பேத்தியோடு புக்கிட் மெலாவத்தி மலைக்குப் போய் வந்தேன், இந்த உரையாடல் இழைக்காகவே.

மலை என்று சொன்னதற்குக் கோயம்புத்தூர்க்காரர்கள் சிரிப்பார்கள், மேடு என்று சொல்லுங்கள். ஆனால் அதன் உச்சியில் நின்றால் ஆற்றின் வாய், பாக்காவ் காடு, அதற்கு அப்பால் மலாக்கா நீரிணை மூன்றும் ஒரே பார்வையில் வந்துவிடும். அதனால்தான் இந்த மேட்டுக்காகச் சண்டை போட்டிருக்கிறார்கள். 1784-ல் டச்சுக்காரர்கள் சுல்தான் இப்ராஹிமை விரட்டிவிட்டுக் கோட்டையைப் பிடித்தார்கள். அவர் பகாங்குக்குப் போய் ஆள் திரட்டிக்கொண்டு மறு வருடமே திரும்பி வந்து அவர்களை விரட்டினார். பழைய பீரங்கிகள் இன்னும் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. 1907-ல் கட்டிய கலங்கரை விளக்கமும் உண்டு.

பேத்திக்கு இதெல்லாம் ஒன்றுமில்லை. அவளுக்குக் குரங்குதான். சாம்பல் நிறம், வெள்ளி பூசியது போன்ற முடி, நீண்ட வால், கூரான தலை. மலாயில் லோத்தோங். நம் பழைய பாட்டுகளில் வரும் முசு என்ற சொல் இந்த வகைக்குத்தான் பொருந்தும். குட்டி மட்டும் பளீரென்ற ஆரஞ்சு நிறம், தாயின் வயிற்றில் சாமந்திப் பூவைக் கட்டி வைத்ததுபோல். சில மாதங்களில் அந்த நிறம் போய்விடும். சாதுவான பிராணி. இலையைக் கையிலிருந்து இரண்டு விரலால் எடுத்துக்கொள்கிறது. அதன் விரல் நுனி பேத்தியின் உள்ளங்கையில் பட்டதும் "தாத்தா, குளிராக இருக்கிறது" என்றாள்.

சாதாரணக் குரங்கு வேறு, அதுவும் அங்கே திரிகிறது. அதனிடம் என் அத்தை ஒரு மூக்குக்கண்ணாடியைப் பறிகொடுத்தார். மரத்தில் ஏறிப் போட்டுப் பார்த்தது என்று அத்தை சொல்வார். போட்டுப் பார்க்கவில்லை, கடித்துப் பார்த்தது. நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

ஜூன் 23

கழுகுப் படகு போகலாமா என்ற கேள்விக்கு. ஆற்றின் அந்தக் கரை பாசிர் பெனாம்பாங், சீனர்களின் மீன்பிடிக் கம்பம். மின்மினிக்கு முன்னால் சாயங்காலம் படகில் கூட்டிப்போய்க் கோழித்தோலை வீசுவார்கள், பருந்துகள் பாய்ந்து எடுக்கும். வெள்ளைக் கழுத்தும் செம்மண் நிறமுமாக வருவது நம் கருடன்தான். அத்தை (அதே அத்தை) கன்னத்தில் போட்டுக்கொண்டே இருந்தார். பெருமாளின் வாகனம் கோழித்தோலுக்கு இப்படி அலைகிறதே என்று எனக்கு மனம் ஒப்பவில்லை. மீனும் நண்டும் பிடித்துத் தின்ன வேண்டிய பறவை அது. போகிறவர்கள் போங்கள். நான் கரையில் தே தாரிக் குடித்துக்கொண்டு காத்திருப்பேன்.

ஜூன் 28

18-ஆம் தேதி எழுதியதைத் திரும்பப் படித்தேன். "ஆயிரக்கணக்கான" என்று எழுதியிருக்கிறேன். பொய் இல்லை, ஆனால் முன்பு இருந்த அளவு இல்லை. ஏன் குறைந்தது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஓட்டல் விளக்கு, மோட்டார் படகு என்று மற்றவர்கள் தலையில் போட்டுப் பதில் எழுதத் தொடங்கினேன். அழித்துவிட்டேன். சொல்ல வேண்டியது வேறு.

1986-ல் எனக்கு 19 வயது. பிரட்டு (காலை ஆள்கணக்கு) முடிந்து கித்தா (ரப்பர்) மரத்துக்கும் போகாமல் செம்பனைக்கும் போகாமல் திரிந்த காலம். ஒரு குத்தகைக்காரர் ஆற்றோரம் துப்புரவு செய்ய ஆள் எடுத்தார். நாள் கூலி. பாராங் கத்தியால் புல், புதர், நீப்பாப் பனை, கரையில் சாய்ந்து நின்ற மரக்கன்று எல்லாவற்றையும் வெட்டித் தள்ளினோம். கீழே கிடந்த இலைச் சருகை வாரி எரித்தோம். கரை கோயில் வாசல்போல் இருக்க வேண்டும் என்பார் தண்டல் (மேற்பார்வையாளர்). நாங்களும் அப்படித்தான் ஆக்கிக் கொடுத்தோம். இரவில் அதே கரையில் உட்கார்ந்து எதிர்க்கரை மரங்கள் மினுக்குவதைப் பார்த்துக்கொண்டே புகைத்தோம். அதைப் பார்க்க வெள்ளைக்காரன் பணம் கொடுப்பான் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம்.

பல வருடம் கழித்துக் கம்போங் குவாந்தானில் துடுப்புப் போட்ட பாக்சிக் (மலாய்ப் பெரியவர்) ஒருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். மரத்தில் நாம் பார்ப்பது பூச்சியின் கடைசிக் காலம். முட்டை இடுவது மரத்தில் அல்ல, கரையின் ஈர மண்ணில். புழு அங்கேயே, அந்தச் சருகுக்கு அடியில், பொடி நத்தைகளைத் தின்று வளரும். வளர்ந்த பிறகுதான் மரத்துக்குப் பறக்கும். மரத்தை விட்டுவைத்துக் கீழே கூட்டிப் பெருக்கினால் போதும், சில மாதத்தில் மரம் இருண்டுவிடும்.

"யார்தான் அந்தக் காலத்தில் அப்படிச் சுத்தம் செய்தார்களோ" என்றார் பாக்சிக். நான் ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீரில் கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 29

ஆறுதல் சொன்ன எல்லோருக்கும்: வேண்டாம். கூலிக்குச் செய்தவன் என்பது தெரியும். அந்த வாரக் கூலியில் வாங்கிய சட்டை நீல நிறம் என்பதும் நினைவிருக்கிறது.

ஜூலை 5

இழை பாதை மாறி மோரிப் கடற்கரைக்குப் போய்விட்டது. பந்திங் அண்ணன் ஒருவர் "எங்கள் கரைதான் சிலாங்கூரில் முதல்" என்கிறார். சரி அண்ணா. ஆனால் உங்களுடையதும் சேறுதான், அதற்குச் சரித்திரச் சான்றே இருக்கிறது. 1945 செப்டம்பர் 9-ஆம் தேதி, ஜப்பான்காரன் சரணடைந்த பிறகு, பிரிட்டிஷ் இந்தியப் படை மோரிப்பில் இறங்கியது. எதிர்த்துச் சுட ஆள் இல்லை. இருந்தும் வண்டிகள் சேற்றில் புதைந்து நின்றுவிட்டன. நினைவுக்கல் அங்கே இருக்கிறது. ஜப்பான் படை எதிர்க்காத இடத்தில் நம் சேறு எதிர்த்திருக்கிறது.

பந்திங் அண்ணன் பதில் போடுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்: அந்தப் பக்கம் போகிறவர்கள் கேரித் தீவையும் பாருங்கள். தீவு முழுக்கச் செம்பனை, நடுவில் மா மெரி பழங்குடி மக்களின் கம்பம். அவர்கள் மரத்தில் செதுக்கும் மூதாதையர் முகமூடிகளைப் போல வேறெங்கும் பார்த்ததில்லை. முகத்தில் சிரிப்பும் கோபமும் ஒன்றாக இருக்கும்.

ஜூலை 12

4 வயதுக் குழந்தைக்கு என்ன இருக்கிறது என்று மீண்டும் கேட்டிருக்கிறீர்கள். மெலாவத்தி மேட்டின் அடிவாரத்திலேயே இயற்கைப் பூங்கா, தாமான் ஆலாம். கரைமேட்டின் மேல் நடந்தால் ஒரு பக்கம் குளமும் காடும், மறு பக்கம் பாக்காவ். அந்த மேடுதான் கடலை நிலத்திலிருந்து பிரிக்கிறது. நம் தோட்டங்கள் நிற்கும் தாழ்நிலமெல்லாம் இப்படிக் கரை கட்டி, வாய்க்கால் வெட்டி, கடலிடமிருந்து வாங்கியதுதான்.

பலகைப் பாதையில் குழந்தையைக் குந்த வையுங்கள். பேசாமல் இருக்கச் சொல்லுங்கள். முதலில் சேறு, மூச்சுவேர்கள் ஆணி அடித்ததுபோல் நிற்கும். ஒரு நிமிடம் கழித்துச் சேறு அசையும். துளைகளிலிருந்து நண்டுகள் வெளியே வரும், ஒரு கை மட்டும் பெரிதாக, யாரையோ கூப்பிடுவதுபோல் ஆட்டும். பிறகு விரல் நீளத்தில் ஒரு மீன் தண்ணீரை விட்டு வெளியே வந்து, முன் துடுப்பை ஊன்றி நடக்கும், கண் இரண்டும் தலைக்கு மேலே. உடம்பு காயாமல் அடிக்கடி சேற்றில் புரண்டுகொள்ளும், ஈரம் இருந்தால்தான் தோலால் மூச்சு விட முடியும். என் பேத்தி 40 நிமிடம் எழுந்திருக்கவில்லை. கொசு மருந்து பூசிக்கொண்டு போங்கள், அது இல்லாமல் நான் சொன்ன எதையும் நம்பாதீர்கள்.

ஜூலை 20

ஷா ஆலாம் தம்பி தனிச்செய்தியில் கூப்பிட்டார். நாள் குறித்தாயிற்று, 24-ஆம் தேதி வியாழன். ஆடி அமாவாசை. பகலில் மணல்திட்டு, இரவில் மின்மினி, வேனும் நானும்.

சிக்கல் என்னவென்றால் கடல் வற்றும் நேரமும் படையல் நேரமும் ஒன்று. படைத்து, காக்கைக்கு வைக்காமல் பெரியம்மா பச்சைத் தண்ணீர் பருக மாட்டாராம். கடலைத் தள்ளிப்போட முடியாது, முன்னோர்களிடம் பேசிப் பார்க்கலாம் என்றேன்.

ஜூலை 25

போய் வந்தோம்.

காலை 7 மணிக்கே என் வீட்டு வாசலில் இலை போட்டுவிட்டார் பெரியம்மா. காக்கை வருமா என்ற கவலை அவருக்கு. கிள்ளான் பக்கத்துக் காக்கைக்கு அந்தக் கவலையே வேண்டாம் என்றேன். 1890-களில் காப்பித் தோட்டத்துப் புழுவைத் தின்னட்டும் என்று இலங்கையிலிருந்து கப்பலில் கொண்டுவந்து விட்ட இனம் அது. காப்பி போனது, காக்கை தங்கிவிட்டது. "நம் ஆட்கள்தான் என்று சொல்லுங்கள்" என்றார் பெரியம்மா. நான் வடையை வைத்துத் திரும்புவதற்குள் மூன்று வந்துவிட்டன.

மணல்திட்டில் காற்று கொஞ்சம் இருந்தது, கண்ணாடி முழுதாகப் படியவில்லை. முக்கால்வாசி என்று சொல்லலாம். குழந்தை தன் நிழலுக்கு முத்தம் கொடுத்தது. பெரியம்மாவின் மகன் 300 படம் எடுத்தார், அவர் மனைவி எல்லாவற்றிலும் கண்ணை மூடியிருந்தார்.

இரவு இரண்டு சம்பான். நான் பெரியம்மாவோடு ஏறினேன். வளைவு வந்ததும் அவர் பேச்சை நிறுத்தினார். திரும்பும் வழியில் ஒரு மின்மினி மரத்தை விட்டு வந்து அவர் முந்தானையில் உட்கார்ந்தது. அரிசி மணியைவிடச் சிறியது. மரத்துத் தாளம் மறந்துபோய்த் தனியாக மினுக்கிக்கொண்டிருந்தது. பெரியம்மா கரை சேரும் வரை கையை அசைக்கவில்லை. இறங்குவதற்கு முன்னால் படகுக்காரர் ஒரு செடியின் பக்கம் சம்பானை ஒட்ட, அவர் முந்தானையை இலையின் மேல் வைத்தார், பூச்சி ஏறிக்கொண்டது. அந்தச் செடி கரையோரப் புதர். இப்போது யாரும் வெட்டுவதில்லை.

ஜூலை 27

பாசிர் பெனாம்பாங் மீன் எப்படி இருந்தது என்று ஐந்து பேர் கேட்டுவிட்டீர்கள். வியாழன் ஆடி அமாவாசை, சைவம். மறுநாளும் அழைத்துப் போகிறேன் என்றேன், ஆடி வெள்ளி என்றார். சனிக்கிழமை பெருமாளுக்கு. இன்று காலை விமானம். உப்பு நண்டு வாசனையை ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து மூன்று நாள் முகர்ந்துவிட்டு, என் மனைவி வைத்த முருங்கைக்கீரைக் குழம்பைச் சாப்பிட்டுக் கிளம்பினார்கள். அடுத்த முறை பௌர்ணமியில் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பௌர்ணமியிலும் பெரியம்மாவுக்கு விரதமாம்.